கடைசிக் கிழமை மனந்திரும்பினவருக்கும் அதே இடம்தானா?

காலிவீதிக்காரன் (இழை தொடங்கியவர்)

சமயச் சண்டைக்காக இதைத் தொடங்கேல்லை. ஒரு கிழமையா மனசை அரிச்சுக்கொண்டிருக்கிற விஷயம், அவ்வளவுதான்.

போன சனிக்கிழமை என்ர மாமாவைக் கனத்தையில அடக்கம் செய்தம். அப்பாவின்ர தங்கச்சியின்ர புருஷன். நல்ல மனுஷன் எண்டு பொய் சொல்லேலாது. குடி. முப்பத்தெட்டு வருஷக் கலியாண வாழ்க்கையில மாமியின்ர காப்பு, சங்கிலி, கடைசியில தாலிக்கொடி எண்டு எல்லாம் அடகுக் கடைக்குப் போய் வந்திருக்கு. போனது அவரால, வந்தது மாமியால. வெள்ளவத்தையில பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லிக் குடுத்துத்தான் அவ வீட்டை இழுத்தவ.

ஈரல் பழுதாகி ஆசுபத்திரியில கிடந்த கடைசி ஆறு நாளிலதான் மாற்றம். ஒரு போதகர் வந்து பக்கத்தில இருந்து ஜெபிச்சவர். மாமா அழுதவர். நான் கண்ணால கண்டனான், நடிப்பு எண்டு சொல்ல மாட்டன். நடிக்கிறதுக்கு உடம்பில சக்தி இருக்கேல்லை.

அடக்கத்துக்கு முன்னம் மலர்ச்சாலையில பிரசங்கம்: "இவர் இண்டைக்கு ஆண்டவரோட இருக்கிறார். கையில ஒண்டும் கொண்டு போகேல்லை, ஒண்டும் கேட்கப்படவும் இல்லை. இதுதான் கிருபை." சனம் ஆமென் சொல்லிச்சுது. முன் வரிசையில இருந்த மாமி சொல்லேல்லை. இடக்கை மணிக்கட்டை வலக்கையால தடவிக்கொண்டே இருந்தவ, காப்பு இருந்த இடத்தை.

நாற்பது வருஷம் ஞாயிறு பாடசாலை படிப்பிச்ச மனுஷி. அறுப்பின் பண்டிகைக்குப் பலகாரம் அவவின்ர கைதான். அவவுக்கும் அவருக்கும் ஒரே இடமா? அப்ப அந்த நாற்பது வருஷம் எதுக்கு?

மட்டக்குளி மைந்தன்

எங்கட அம்மாவும் இதைத்தான் கேட்பா. "கள்ளனுக்கும் மோட்சம், காலமை நாலு மணிக்கு எழும்பிப் பூசைக்குப் போற எனக்கும் மோட்சமெண்டா, நான் இன்னும் கொஞ்சம் படுத்திருந்திருப்பன்."

ஆழ்ந்த அனுதாபங்கள் அண்ணை. மாமிக்கும்.

பழைய உபதேசியார்

தம்பி, உங்கள் கேள்வி புதியதல்ல. மத்தேயு 20ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில் இதே கேள்விதான். திராட்சத்தோட்டத்துக்காரன் விடியற்காலையில் ஆள் பிடிக்கிறான், ஒன்பது மணிக்கும் பிடிக்கிறான், பொழுதுசாய ஒரு மணிநேரம் இருக்கும்போதும் பிடிக்கிறான். எல்லாருக்கும் ஒரே ஒரு பணம். வெயிலில் நாள் முழுக்க வெந்தவர்கள் முறுமுறுக்கிறார்கள். அவன் கேட்கிறான்: "நான் தயாளனாயிருக்கிறபடியால், நீ வன்கண்ணனாயிருக்கலாமா?"

பவுல் இதையே கணக்குப்பிள்ளை பாஷையில் சொல்கிறார். ரோமர் 4:4: வேலை செய்கிறவனுக்கு வருகிற கூலி கிருபையென்று எண்ணப்படாது, கடனென்று எண்ணப்படும். கூலி என்றால் முதலாளி உங்களுக்குக் கடன்பட்டவன். கடவுளைக் கடன்காரனாக்க யாராலும் முடியாது என்பதுதான் எபேசியர் 2:8இன் சாரம்: "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு." உங்கள் மாமாவால் அதைச் சம்பாதிக்க முடியவில்லை, சரி. உங்கள் மாமியாலும் முடியாது. அதுதான் கேட்கக் கசக்கும் பகுதி.

நாலாம் குறுக்குத் தெரு

ஐயா குறை நினைக்க வேண்டாம். நான் புறக்கோட்டையில வெங்காயக் கடை வச்சிருக்கிறவன். பின்னேரம் அஞ்சு மணிக்கு வந்த நாட்டாமைக்கும் (மூட்டை தூக்கிறவனுக்கும்) காலமை ஆறு மணிக்கு வந்தவனுக்கும் ஒரே கூலி குடுத்தா, அடுத்த நாள் லொறி வந்து நிக்கேக்க ஒருத்தனும் இருக்க மாட்டான். எல்லாரும் அஞ்சு மணிக்குத்தான் வருவாங்கள். அந்தத் தோட்டக்காரன் ஒரு மாசத்தில கடையைப் பூட்டியிருப்பான்.

பழைய உபதேசியார்

சிரித்துவிட்டேன். நீங்கள் சொல்வது சரி, அது கடை நடத்தச் சொன்ன கதை இல்லை. ஆனால் உங்கள் தெருவிலேயே ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். மத்தியானம் வரைக்கும் ஒருவரும் கூப்பிடாத நாட்டாமை எப்படி நிற்பான்? தோளில் துண்டு, கையில் சாக்குக் கொக்கி, கண் வருகிற ஒவ்வொரு லொறியிலும். கதையில் கடைசியாக வந்தவர்களிடம் "ஏன் சும்மா நிற்கிறீர்கள்" என்று கேட்டபோது அவர்கள் சொன்ன பதில் "ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை" என்பது. சோம்பேறிகள் இல்லை, யாரும் எடுக்காதவர்கள். ஒரு பணம் என்பது அந்தக் காலத்தில் ஒரு குடும்பத்தின் ஒருநாள் சாப்பாடு. நியாயமாகப் பிரித்து பன்னிரண்டில் ஒரு பங்கு கொடுத்தால் பிள்ளைகள் பட்டினி.

நாலாம் குறுக்குத் தெரு

அது விளங்குது. ஆனா மாமா சும்மா நிண்டவர் இல்லையே. அடுத்தவன்ர மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினவர்.

காலிவீதிக்காரன்

அதேதான் என்ர பிரச்சினையும்.

பவுண் கடைத் தம்பி

அண்ணே, நான் ஜம்பட்டா வீதில பொறந்து வளந்தவன், கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் பக்கம். இப்ப செட்டியார் தெருவுல ஒரு அடகுக் கடைல வேலை. நம்ம கத்தோலிக்கப் பக்கம் இரட்சிப்புன்னு சொல்றதில்ல, மீட்புன்னுதான் சொல்வோம். சின்ன வயசுல அது பெரிய சாமி வார்த்தைன்னு நினைச்சேன். கடைல சேந்த முதல் நாள் ஒரு அம்மா வந்து "தம்பி, நகை மீட்கணும்"னு சொன்னாங்க. அடடா, இது நம்ம கவுண்டர் வார்த்தையா!

அன்னைலேருந்து நான் கவனிச்சது. நகை பெட்டகத்துக்குள்ள இருக்கு. அது இன்னமும் அந்த அம்மாவோட பொருள்தான், ஆனா எடுக்க முடியாது. வட்டி ஒவ்வொரு நாளும் ஏறுது. அந்த அம்மா ரொம்ப நல்லவங்களா இருக்கலாம், என்கிட்ட அன்பாப் பேசலாம், வட்டி நிக்காது. யாராவது முதலும் வட்டியும் சேத்துக் கட்டணும். அஞ்சு வருஷமா அங்க இருக்கேன், ஒரு நகை தன்னைத்தானே மீட்டுக்கிட்டு வெளிய வந்ததை நான் பார்த்ததே இல்ல.

ஆனா ஒண்ணு. செவ்வாய்க்கிழமை எங்க கோயிலுக்கு வந்து பாருங்க. கத்தோலிக்கர், இந்து, பௌத்தர் எல்லாரும் மெழுகுதிரியோட. முக்காவாசிப் பேர் நேர்த்தியோடதான் வர்றாங்க. வெளிநாட்டு விசா கெடச்சா இத்தனை திரி, பிள்ளை பாஸ் பண்ணுனா இத்தனை பேருக்குச் சாப்பாடு. நேர்த்திக்கடன்! பேர்லயே கடன் இருக்கு. நான் கிண்டல் பண்ணல, என் அம்மாவும் வச்சிருக்காங்க. சாமிகிட்டயும் நமக்குக் கணக்குத் தீக்காம இருக்க முடியல.

மட்டக்குளி மைந்தன்

மீட்கிறதெண்டா காசு யாரிட்டக் கட்டினது? கடைக்காரன் ஆர், பிசாசோ?

பழைய உபதேசியார்

நல்ல கேள்வி. பழைய சபைப் பிதாக்களில் ஓரிஜன் போன்றவர்கள் அப்படித்தான் நினைத்தார்கள், மீட்கும்பொருள் பிசாசுக்குப் போனதென்று. 11ஆம் நூற்றாண்டின் கடைசியில் கன்டபரி பேராயர் அன்செல்ம் அதை மறுத்தார். கடவுள் பிசாசுக்கு எதுவும் கடன்படவில்லை, மனிதன்தான் கடவுளுக்குக் கடன்பட்டவன் என்றார். அதன் பிறகும் ஒரே விளக்கத்தில் சபைகள் நிற்கவில்லை. உவமையை ஒரு எல்லைக்கு மேல் இழுத்தால் அறுந்துவிடும்.

திருநீற்றுக்காரன்

நான் சைவம். குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். அருள் என்பது உங்களுக்கு மட்டும் சொந்தமான சரக்கு என்ற மாதிரிப் பேச்சுப் போகிறது, அதனால்தான் எழுதுகிறேன். "அவனருளாலே அவன்தாள் வணங்கி" என்று மாணிக்கவாசகர் சொல்லிவிட்டார். கும்பிடுவதற்குக்கூட அவன் அருள் வேண்டும். வைணவத்தில் இரண்டு கலையாகப் பிரிந்ததற்கு இதுவும் ஒரு காரணம். குரங்குக்குட்டி தாயை இறுக்கிப் பிடிக்க வேண்டும், பூனைக்குட்டியைத் தாயே கவ்விக்கொண்டு போகும். வடகலை குரங்கு, தென்கலை பூனை.

வேறுபாடு எங்கே என்றால், சைவ சித்தாந்தத்தில் மலம், அதாவது உயிரைப் பற்றிய அழுக்கு, பக்குவப்பட வேண்டும், அப்போதுதான் சத்திநிபாதம், அருள் பதிகிறது. பழம் கனிகிற மாதிரி. உங்கள் பவுல் சொல்வது பக்குவமே இல்லாதவனுக்கும் அருள் என்பது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆனால் அதன் துணிச்சலை மறுக்க முடியாது.

கூடுதலாக ஒன்று. ஆறுமுக நாவலர் பெர்சிவல் பாதிரியாரோடு இருந்து வேதாகம மொழிபெயர்ப்பில் உழைத்தவர். 1850இல் அது அச்சில் வந்தது. கிருபையைப் பற்றிய வசனங்கள் எல்லாம் அந்த மனுஷனின் மேசையைக் கடந்துதான் போயிருக்கும். பிறகு அவர் சைவத்தின் பக்கம் நின்றார் என்பது ஊரறிந்த கதை.

மட்டறுத்துனர்

இதுவரை நன்றாகப் போகிறது. "எங்கள் சபைக்கு வாருங்கள்" என்று விலாசம் போட்ட இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். மூன்றாவதும் வந்தால் ஆளையே நீக்குவேன்.

தெஹிவளை அக்கா

வெசாக் காலத்தில தன்சல் (இலவசச் சாப்பாட்டுப் பந்தல்) வரிசையில நிக்காத கொழும்பு ஆள் இருக்கிறீங்களோ? எங்கட ஒழுங்கை முடக்கில வருஷா வருஷம் சோறும் பருப்பும், ஒரு நாள் ஐஸ்கிறீம். தமிழோ, முஸ்லிமோ, சாப்பிட்டவனோ சாப்பிடாதவனோ எண்டு கேட்கிறதில்லை. காரை நிப்பாட்டி இறக்கியே தருவாங்கள். கிருபை எண்டால் என்ர கண்ணுக்கு அந்த வரிசைதான் வரும்.

ஆனா போன வருஷம் ஒரு விஷயம் கண்டனான். எங்கட அம்மா சாப்பிட்டு முடிச்சு, பேர்ஸைத் திறந்து நூறு ரூபாயை எடுத்து அந்தப் பெடியனின்ர கையில திணிக்கப் பாக்கிறா. அவன் "எப்பா அம்மே" (வேண்டாம் அம்மா) எண்டு சிரிச்சுக்கொண்டு கையைப் பின்னால மறைக்கிறான். அம்மாவுக்குக் கோபமே வந்திட்டுது. "சும்மா சாப்பிட்டா செரிக்காது" எண்டு வழி முழுக்க முணுமுணுப்பு.

நாங்கள் கலியாண வீட்டு என்வலப்பைக் கொப்பியில எழுதி வைக்கிற சனம். அவை அஞ்சாயிரம் வச்சவை, நாங்களும் அஞ்சாயிரம், விலைவாசி ஏறினபடியால் ஆறு. எங்களுக்கு ஒருத்தன் திருப்பிக் குடுக்கேலாத ஒண்டைத் தந்தா, அது சந்தோஷமில்லை, அவமானம்.

திருநீற்றுக்காரன்

தன்சல் கொடுப்பவருக்குப் 'பின்' கிடைக்கிறது அக்கா. புண்ணியக் கணக்கு அங்கேயும் உண்டு.

தெஹிவளை அக்கா

ஓம், குடுக்கிறவைக்கு. வரிசையில நிண்ட எனக்கு என்ன கிடைச்சது? ஐஸ்கிறீம்.

கண்ணாடி

எல்லாரும் அழகாகப் பேசுகிறீர்கள். முன் வரிசையில் இருந்த பெண்ணை மறந்துவிட்டீர்கள்.

எனக்கும் இதே மாதிரி ஒரு வீட்டில் வளர்ந்த அனுபவம் இருக்கிறது. கிருபையைப் பற்றிய பிரசங்கம் எப்போதும் அடித்தவனுக்கு ஆறுதலாகவும் அடிபட்டவளுக்குக் கட்டளையாகவும் வந்து சேர்கிறது. "கடவுளே மன்னித்துவிட்டார், நீ யார் மன்னிக்காமலிருக்க?" என்று. இது கிருபையே இல்லை. ஜெர்மன் போதகர் போன்ஹோபர் இதற்கு "மலிவான கிருபை" என்று பெயர் வைத்தார். ஹிட்லரை எதிர்த்ததற்காக 1945 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்டவர், மலிவு என்ற சொல்லை அவர் சும்மா எழுதவில்லை.

சகேயுவைப் பாருங்கள், லூக்கா 19. வரி வசூலித்து ஊரைச் சுரண்டினவன். இயேசு அவனிடம் முதலில் காசைத் திருப்பிக் கொடு என்று சொல்லவில்லை, உன் வீட்டுக்கு வருகிறேன் என்றார். அது கிருபை. ஆனால் வீட்டுக்குள் வந்த பிறகு அவனே எழுந்து நின்று, அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்கிறான். அந்த மாமாவுக்கு நாலத்தனை கொடுக்க நாள் இருக்கவில்லை. சரி. குறைந்தபட்சம் போதகராவது மாமியின் பெயரைச் சொல்லியிருக்கலாமே. "ஒண்டும் கேட்கப்படவில்லை" என்று சொன்னபோது, மாமியிடம் முப்பத்தெட்டு வருஷம் எல்லாம் கேட்கப்பட்டது என்று அவருக்குத் தெரியாதா?

பவுண் கடைத் தம்பி

கண்ணாடி அக்கா சொன்னது நெஞ்சுல குத்துது. எங்க பக்கம் உத்தரிக்கிற ஸ்தலம்னு ஒண்ணு இருக்கு. பாவம் மன்னிச்சாச்சு, ஆனா அது உண்டாக்கின காயத்துக்கான கணக்கு மிச்சம் இருக்கு, சுத்தமாகித்தான் உள்ள போகணும்னு. உபதேசியார் ஐயா ஒத்துக்க மாட்டார்னு தெரியும்.

பழைய உபதேசியார்

ஒத்துக்கொள்ள மாட்டேன் தம்பி, ஆனால் அந்தப் போதனை எந்த வலியிலிருந்து வருகிறது என்று இப்போது விளங்குகிறது. கண்ணாடி எழுதியதற்கு என்னிடம் பதிலில்லை. முப்பது வருஷம் சாவீட்டுப் பிரசங்கம் செய்தவன் நான். முன் வரிசையை எத்தனை தரம் பார்த்தேன் என்று யோசிக்கிறேன்.

கத்தோலிக்கர் கிரியை, நாங்கள் கிருபை என்று இங்கே யாராவது எழுத முன்னம் ஒரு விஷயம். கத்தோலிக்கரின் திரெந்து சங்கமே 1547இல், நீதிமானாக்கப்படுவதற்கு முன் வருகிற விசுவாசமோ கிரியையோ அந்தக் கிருபையைச் சம்பாதிக்காது என்றுதான் எழுதியது. சண்டை அதற்குப் பிறகு நடப்பதைப் பற்றியது. 1999 ஒக்டோபர் 31இல் ஔக்ஸ்பேர்க் நகரில் லுத்தரன்களும் கத்தோலிக்கரும் இதைப்பற்றிக் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள், 2006இல் எங்கள் மெதடிஸ்தர்களும் சேர்ந்துகொண்டார்கள். எல்லா வித்தியாசமும் தீர்ந்துவிடவில்லை, ஆனால் அடிப்படையில் ஒரே குரல்.

இன்னொரு வேடிக்கை. கொழும்பு வுல்பெண்டால் தேவாலயத்தை ஒல்லாந்தர் 1749இல் கட்டத் தொடங்கி 1757இல் பிரதிஷ்டை செய்தார்கள். கிருபையினால் மட்டுமே என்று பிரசங்கிக்கிற சபை. அதே ஆட்சியில் உத்தியோகம் வேண்டுமானால் அந்தச் சபையில் ஞானஸ்நானம் எடுக்க வேண்டும். இலவச ஈவுக்கு ஒரு விண்ணப்பப் படிவம்!

தம்பி காலிவீதிக்காரன், மாமியிடம் லூக்கா 15ஐப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். எல்லாரும் இளையவனைப் பற்றியே பேசுவார்கள். மூத்தவன் வெளியே நின்று சொல்கிறான்: "இத்தனை வருஷகாலமாய் நான் உமக்கு ஊழியஞ்செய்து..." ஒரு ஆட்டுக்குட்டிகூட எனக்குத் தரவில்லையே என்று. தகப்பன் விருந்தை விட்டுவிட்டு வெளியே வந்து அவனை வருந்தி அழைக்கிறான். இளையவனுக்காக ஓடின அதே தகப்பன்தான். எனக்குப் பிரசங்கமாகச் சொல்லத் தெரியாது இதை. அவவோடு பேசுங்கள்.

மட்டக்குளி மைந்தன்

அண்ணை என்ன நடந்தது? ஒரு மாசமாச் சத்தமில்லை.

காலிவீதிக்காரன்

மன்னிக்கோணும். போன வியாழன் முப்பத்தோராம் நாள் ஜெபம். அது முடியட்டும் எண்டு இருந்தன்.

சனம் போன பிறகு குசினியில மாமிக்குப் பக்கத்தில இருந்து உங்கட பதில்களை வாசிச்சுக் காட்டினன். அவ இடியப்பத்துக்குச் சொதி வைக்கத் தேங்காய் திருவிக்கொண்டிருந்தவ. வெங்காயக் கடைக்காரருக்குச் சிரிச்சா. கண்ணாடி எழுதினதை வாசிக்கேக்க திருவுறது நிண்டிட்டுது. "திரும்ப வாசி" எண்டா. வாசிச்சன். ஒண்டும் சொல்லேல்லை, திருவத் தொடங்கிட்டா.

மூத்தவனைப் பற்றி வாசிச்சு முடிய, அவவே கேட்டா: "அவன் கடைசியில உள்ள போனவனோ இல்லையோ எண்டு எழுதேல்லை, கவனிச்சனியோ? நாற்பது வருஷம் படிப்பிச்சனான். ஒரு பிள்ளையாவது கேட்டதில்லை."

"நீங்கள் என்ன நினைக்கிறீங்கள் மாமி?"

"ஆருக்குத் தெரியும். அவர் அங்க இருக்கட்டும். இருக்க வேண்டாமெண்டு நான் சொல்லேல்லை. நான் போகேக்க பக்கத்து அறை மட்டும் வேண்டாமெண்டு கேட்பன்."

பிறகு அலுமாரியில இருந்து பழைய பிஸ்கட் ரின் ஒண்டை எடுத்துக்கொண்டு வந்தா. உள்ள அடகு ரசீதுகள், ரப்பர் பாண்ட் போட்ட கட்டு, எல்லாத்திலயும் மீட்ட திகதி மாமியின்ர கையெழுத்தில. அடியில ஒண்டு மட்டும் வேற. மாமாவின்ர காற்சட்டைப் பையில ஆசுபத்திரிக்காரர் எடுத்துத் தந்ததாம். அவரின்ர பேரில, ஒரு சோடி காப்பு. தவணை வாற மாசம் முடியுது. அந்தக் காப்பு இருந்த இடத்தைத்தான் அவ மலர்ச்சாலையில தடவிக்கொண்டிருந்தவ.

"நான் மீட்டுத் தாறன் மாமி, உங்களுக்கு நான் செய்ய வேண்டாமோ" எண்டன். உடன முகம் மாறிட்டுது. "எவ்வளவெண்டு எழுதி வை. மாசம் மாசம் தருவன்." வேண்டாம் எண்டன். எழும்பிப் போய்த் தன்ர கொப்பியைக் கொண்டுவந்து, என்ர பேர், திகதி, பக்கத்தில தொகைக்கு வெற்றிடம் விட்டுத் தானே எழுதினா. எழுதினாப் பிறகுதான் ரசீதைக் கையில தந்தா.

தெஹிவளை அக்காவின்ர அம்மாவையும் அந்த நூறு ரூபாயையும் நினைச்சன். சொல்லேல்லை. இடியப்பம் நல்லாயிருந்தது.

பவுண் கடைத் தம்பி, செட்டியார் தெருவில அடகுக் கடையள் எத்தினை மணிக்குத் திறக்கும்?

பவுண் கடைத் தம்பி

ஒம்பதரைக்கு வாங்க அண்ணே, கூட்டம் இருக்காது. ரசீது மாமா பேர்லன்னா அது மட்டும் போதாது. மாமியோட அடையாள அட்டை, கலியாணப் பதிவு, அப்புறம் மாமாவோட மரண அத்தாட்சிப் பத்திரம். அது இருந்தாத்தான் காப்பை வெளிய விடுவாங்க.